தாயின் பழக்கமும் கன்றின் குணமும்

சித்தாண்டிப் பகுதியில் நெற்செய்கையும் கால்நடை வளர்ப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் மாடுகளும் எருமைகளும் வயல்வெளியை விட்டு, மாதவனை, மயிலத்தமடு முதலிய மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. அறுவடை முடிந்தபின் அவை ஊர்ப்புறம் திரும்புகின்றன. தொலைவிலுள்ள பட்டியில் ஈனப்பட்ட கன்று மனிதரை அதிகம் அறியாமலே வளர்கிறது. அது முதன்முதலாக மனிதனின் கையை உணர்வது, கயிற்றால் பிடிக்கப்படும்போதோ குறி சுடப்படும்போதோ ஆகலாம்.

இத்தகைய கன்று நாகாகிய பின்னர்ப் பால் கறக்க நில்லாது. துரத்தினால் வரம்பையும் தோட்டத்து வேலியையும் முறித்துக்கொண்டு பயிருக்குள் பாயும். இதனைப் பிறவிக்குணம் என்று பலர் விட்டுவிடுகின்றனர். ஆயின் இக்குணத்தில் ஒரு பகுதி, ஈன்ற முதல் நாட்களில் தாயை மனிதர் நடத்தும் முறையினால் உண்டாவதென்று கொள்ள இடமுண்டு.

குதிரைகளிற் கண்ட உண்மை

இவ்விடயம் குதிரைகளில் நன்கு ஆராயப்பட்டுள்ளது. பிரான்சு நாட்டு ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், குட்டி ஈன்ற பெட்டைக் குதிரைகள் சிலவற்றை முதல் ஐந்து நாட்களும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 நிமிடம், மெதுவாகத் தேய்த்துக் கையால் தீனி ஊட்டினர். குட்டிகளை அவர்கள் தொடவில்லை. வேறு சில பெட்டைகளுக்கு இவ்வாறு செய்யாது, அவற்றின் அருகில் ஓர் ஆள் அசையாது நிற்பதோடு அமைந்தனர்.

தேய்த்து ஊட்டப்பட்ட தாய்களின் குட்டிகள் பிற்பாடு மனிதரிடம் அச்சமின்றி நெருங்கின. தம்மைத் தடவவும் முதுகில் சேணத்துணி வைக்கவும் எளிதில் இணங்கின. ஒரு வயதாகியும் இந்த வேறுபாடு மறையவில்லை. தாய் அமைதியுடன் ஏற்றுக்கொண்ட மனிதனைக் குட்டியும் ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள்.

இதற்கு மறுபுறமும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அப்பாலுள்ள நெடுந்தீவில் குதிரைகள் கட்டுப்பாடின்றித் திரிகின்றன. அவ்வாறு வாழும் குதிரைகளில், ஆளைக் கண்டு தாய் விலகுமாயின் பின்தொடரும் குட்டியும் விலகும்.

வலிந்து பழக்குதல் நன்றன்று

பிறந்தவுடன் குட்டியைப் பிடித்து உடல் முழுவதும் தடவினால் அது விரைவில் பழகும் என்று முன்னர்ச் சிலர் கருதினர். பின்னர் நடந்த ஆய்வுகளில் இம்முறை எதிர்பார்த்த நிலையான பயனைத் தரவில்லை. பிடிக்கப்படுவதைக் குட்டி நட்பாக அன்றி அச்சமாகவே கொள்ளக்கூடும்.

பசுவும் எருமையும்

குதிரைக்குக் கண்ட அளவு பயன் பசுவுக்கும் எருமைக்கும் அப்படியே பொருந்துமென்று கொள்ளலாகாது. எனினும், தாய் அருகில் நிற்கையில் கன்றோடு மட்டும் பழகுவது, தாயற்ற இடத்தில் பழகுவதைப் போன்று பயன்படுவதில்லை என்று 2003ஆம் ஆண்டில் வெளியான மாட்டுக்கன்று ஆய்வொன்று காட்டியது. பட்டியில் கன்று தாயுடனே வளர்வதால், தாயை முதலில் வசப்படுத்துதலே தக்க வழியாகும்.

இதனால் தாய்க்கும் நன்மையுண்டு. அச்சமுற்ற பசு பாலை அடக்கிக்கொள்ளும். அச்சத்தினால் உடலிற் சுரக்கும் நீர், பாலை மடியிலிருந்து இறங்கவிடாது தடுக்கிறது. ஆதலால் அடியும் கூச்சலும் அன்றைய பாலையும் குறைக்கும். கன்றின் குணத்தையும் கெடுக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

1. ஈனும் காலம் நெருங்கிய பசுவையும் எருமையையும், இயன்றால், ஆள் நடமாட்டமுள்ள இடத்திற்கு அருகில் வைத்தல் வேண்டும்.

2. ஈன்ற நாள் முதல் ஐந்து நாட்கள், ஒரே ஆள், ஒரே வேளையில், தாய்க்குத் தவிடோ தேங்காய்ப் பிண்ணாக்கோ சிறிது கையால் ஊட்டுக. தாய் இடங்கொடுத்தால் வைக்கோலினால் அல்லது தென்னந்தும்பினால் கழுத்தை மெல்லத் தேய்க்கலாம். கன்று தானாக வந்து முகரும்போது அசையாது நிற்றல் வேண்டும், அதனைப் பிடிக்கலாகாது.

3. கன்று ஈன்ற எருமை முட்டக்கூடும். ஆதலால் பக்கவாட்டில், அது காணும்படி, மெதுவாக நெருங்குக. தாய்க்கும் கன்றுக்கும் இடையில் நிற்கலாகாது. சீறும் தாயை வற்புறுத்தாது, தீனியைத் தொலைவில் வைத்து நாளுக்கு நாள் நெருங்குதல் நன்று.

4. கன்று பிறந்து இரண்டு மணித்தியாலத்துள் எழுந்து கடும்புப் பால் குடியாவிடின், தயங்காது உதவி செய்க. நோயைத் தடுக்கும் ஆற்றலைக் கன்று அப்பாலிலிருந்தே பெறுகிறது. ஒரு நாள் கடந்தபின் அந்த ஆற்றலை அதன் குடல் ஏற்காது. பழக்கத்தினும் உயிரே முதன்மையானது.

5. குறி சுடுதல், காது துளைத்தல் முதலியவற்றை முதல் நாட்களிற் செய்யலாகாது. அவற்றைச் செய்பவரும் அன்றாடம் தீனியிடுபவரும் வெவ்வேறு ஆட்களாயிருத்தல் நலம்.

இதற்குச் செலவு ஒரு பிடி தவிடும் கால் மணி நேரமுமே. தன்னை நெருங்கும் ஆளைக் கண்டு ஓடாத நாகு, பட்டிக்காரருக்கு நின்று பால் கொடுக்கும். அயலவரின் வயலுக்கும் தோட்டத்துக்கும் கேடு விளைக்காமல் ஓட்டிய வழியே செல்லும். கன்றைத் திருத்த விரும்பும் கமக்காரர், அக்கன்றின் தாயிடமிருந்தே தொடங்குவாராக.