கட்சினா கையால் வாங்கிய பொம்மை

அன்புள்ள வாசகருக்கு,

ஃபீனிக்ஸ் நகரின் ஹெர்ட் அருங்காட்சியகத்தில் ஹோப்பி மக்களின் பொம்மைகளைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ‘இவை விளையாட்டுச் சாமான்களா, சாமி சிலைகளா? என் மகளுக்கு ஒன்று வாங்கலாமா?’ என்று கேட்டிருந்தீர்கள். வாங்குவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பொம்மை ஒரு குழந்தையின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கும்போது நமக்குத் தெரியாமல் போவது அதுதான்.

அரிசோனாவின் வடகிழக்கில், உச்சி தட்டையான மூன்று குன்றுகளை ஒட்டி ஹோப்பிகளின் ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ஒரைபியில் ஏறக்குறைய 900 ஆண்டுகளாக இடைவிடாமல் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர். அதை நம்பித்தான் மக்காச்சோளம் போடுகிறார்கள்; அடிமண்ணின் ஈரம் எட்ட வேண்டும் என்பதற்காக விதையை ஒரு சாண் ஆழத்துக்கும் கீழே இறக்குகிறார்கள்.

ஹோப்பிகளின் நம்பிக்கையில், அந்த மழையைக் கொண்டுவருபவர்கள் கட்சினாக்கள். மேகம், செடி, விலங்கு, முன்னோர் என நூற்றுக்கணக்கான வடிவம் கொண்டவர்கள். மனிதரின் வேண்டுதலைச் சுமந்து செல்பவர்கள். பாதி ஆண்டு ஃபிளாக்ஸ்டாஃப் அருகே சான் பிரான்சிஸ்கோ மலைச் சிகரங்களில் வசிக்கிறார்கள். குளிர்காலத்தில் ஊருக்கு வந்து, ஜூலை வரை மக்களோடு இருக்கிறார்கள்.

பிப்ரவரியில் பொவாமுயா சடங்கு. வெளியே குளிர் வாட்டும்போது, கிவா எனப்படும் நிலவறைகளில் கதகதப்பேற்றி அவரை விதைகளை முளைக்க வைப்பார்கள். அந்தப் பச்சை முளைகளோடு கட்சினாக்கள் பிள்ளைகளுக்குப் பரிசும் கொண்டுவருவார்கள். பையன்களுக்கு வில்லும் அம்பும்; பெண் பிள்ளைகளுக்குத் திஹு என்ற இந்தப் பொம்மை. ஜூலையில் நிமான். கட்சினாக்கள் மலைக்குத் திரும்பும் நாள். அந்த ஆண்டின் முதல் சோளத் தட்டைகளோடு பொம்மைகளும் குழந்தைகளின் கைக்கு வரும். கொடுக்கும் கட்சினாவும் கையில் இருக்கும் வடிவமும் ஒரே குடும்பம் என்பது அந்தச் சிறுமிக்குச் சொல்லாமலே விளங்கும்.

கைக்குழந்தைக்கு முதலில் கிடைப்பது பலகைபோல் தட்டையான ஒன்று. பெரும்பாலும் அது ஹஹாயி வூத்தியின் உருவம். கட்சினாக்களுக்கெல்லாம் தாய் அவள். பிள்ளை வளர வளரக் கைகால் திரண்ட பொம்மைகள் வரும். அவற்றைச் சுவரிலோ உத்தரத்திலோ தொங்கவிடுவார்கள். சில வேளை பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் சிறுமி அதை இடுப்பில் வைத்துக்கொள்வாள், யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் மூலையில் வீசிவிடும் பொருளல்ல அது. அதற்குப் பூசையும் கிடையாது.

கட்சினாக்களை அடையாளம் காணக் குழந்தைகளுக்கு உதவும் பாடக் கருவி என்ற விளக்கத்தை நீங்கள் பல இடங்களில் படிக்கலாம். தவறில்லை, ஆனால் எனக்கு அது போதவில்லை. இந்தப் பெண் நோய் நொடியின்றி வளரட்டும், நாளை இவள் வயிறும் நிலமும் விளையட்டும் என்ற வேண்டுதல் அந்த மரத்துண்டில் இருக்கிறது. மரமே அதைச் சொல்கிறது. செதுக்குவது காட்டன்வுட் மரத்தின் வேரில். அந்த வறண்ட நாட்டில் தண்ணீர் இருக்கும் இடம் தேடி ஓடும் வேர் அது. வண்ணங்கள் திசைகளைக் குறிக்கும்: மஞ்சள் வடமேற்கு, நீலப்பச்சை தென்மேற்கு, சிவப்பு தென்கிழக்கு, வெள்ளை வடகிழக்கு. எந்தத் திசையிலிருந்தும் மழை வரலாம் அல்லவா?

வெளியார் இவற்றைச் சேகரிக்கத் தொடங்கி நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1894-இல் ஃப்யூக்ஸ் என்ற ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதினார். 1945-இல் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் ஹோப்பி ஊர்களுக்கே போனார். அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற பாரி கோல்ட்வாட்டர் 1964-இல் தன்னிடமிருந்த 400-க்கும் மேற்பட்ட பொம்மைகளை ஹெர்டுக்குக் கொடுத்தார். நீங்கள் பார்த்தவற்றில் சில அவையாக இருக்கலாம்.

இவ்வளவு ரசித்த உலகம் அந்தப் பொம்மையைக் கொடுப்பவரின் வீட்டை என்ன செய்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கட்சினாக்கள் வசிக்கும் அதே சிகரங்களில் ஒரு பனிச்சறுக்குத் திடல் இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து அங்கே செயற்கைப் பனி செய்ய அனுமதி கொடுத்தார்கள். ஹோப்பிகளும் நவஹோக்களும் பிற பழங்குடிகளும் வழக்காடினார்கள். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. வழிபாட்டை யாரும் தடுக்கவில்லை, புண்படுவது மனம் மட்டுமே என்பது தீர்ப்பின் சாரம். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. மழையை அனுப்பும் மலையின் மேல் கழிவுநீரைத் தூவுவது மனவருத்தம் மட்டும்தானா? ஹோப்பிப் பெண் குழந்தை ஒவ்வொருத்திக்கும் பொம்மை வருவது அந்த மலையிலிருந்து அல்லவா?

இனி உங்கள் மகளுக்கு. வாங்கலாம், தாராளமாக வாங்குங்கள். விற்பதற்கென்றே செதுக்கும் ஹோப்பிக் கலைஞர்கள் பலர். அது அவர்களின் பிழைப்பு, பெருமையும்கூட. பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது 1990 சட்டப்படி குற்றம். ஆகவே செதுக்கியவரின் பெயரையும் ஊரையும் கடையில் கேளுங்கள். முடிந்தால் அவர்கள் ஊருக்கே போய், செய்தவர் கையிலிருந்து வாங்குங்கள். அங்கே படம் எடுப்பதற்கும் வரைவதற்கும் தடை உண்டு. இன்னொன்று: தங்கள் பிள்ளைகளின் பொம்மைகளைச் செதுக்கியது யார் என்ற பேச்சைச் சிறுவர்கள் காதுபட ஹோப்பிகள் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்