கிழிந்த வெட்சூட்டை உருக்க முடியுமா?

கேள்வி: ஸ்கூபா டைவிங்கிற்கு வாங்கிய வெட்சூட் கிழிந்துவிட்டது. பிளாஸ்டிக்கைப் போல இதையும் உருக்கி மறுபடி பயன்படுத்த முடியாதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: முடியாது. வெட்சூட் நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. இந்த ரப்பர் 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் உருவானது. பதப்படுத்தும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடும். பிறகு சூடாக்கினால் கருகுமே தவிர உருகாது. போதாக்குறைக்கு நைலான் துணியை வேறு ஒட்டியிருப்பார்கள்; அதைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு.

அதனால் மறுசுழற்சி செய்பவர்கள் பெரும்பாலும் அரைத்துத் துகளாக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ரிப் கர்ல் நிறுவனம், மறுசுழற்சி நிறுவனமான டெராசைக்கிளுடன் சேர்ந்து பழைய வெட்சூட்டுகளைத் திரட்டுகிறது. அந்தத் துகள் சிறுவர் பூங்காக்களின் மெத்தென்ற தரைக்குப் போகிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அடுத்த வெட்சூட்டுக்குப் புதிய நியோபிரீன்தானே வேண்டியிருக்கிறது! அதன் மூலப்பொருளான குளோரோபிரீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் அறிவித்தது. அமெரிக்காவின் லூசியானாவில் நியோபிரீன் ஆலையை ஒட்டி வாழ்ந்த ஏழை மக்கள்தான் அது கலந்த காற்றைச் சுவாசித்தார்கள். என்னை உறுத்துவது இதுதான். அந்த வகையில், படகோனியா நிறுவனம் 2016-இல் வெட்சூட் தயாரிப்பில் இயற்கை ரப்பருக்கு மாறியது சரியான திருப்பம்.

உங்கள் உடையை இப்போதே தூக்கிப் போடாதீர்கள். கிழிசலை நியோபிரீன் பசையால் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் ரப்பரைத் தின்றுவிடும்.