முட்டியைப் பூட்டாதே



டீச்சரம்மா, என் மகள் வயதுகூட உனக்கு இருக்காது. அதனால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மகளிர் பத்திரிகையில் நீ எழுதிய இரண்டு பக்கத்தை என் மருமகள் சாப்பாட்டு மேசையில் பிரித்தபடியே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அம்பத்தூர் ஓ.டி.யில் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் நீ நடத்தும் பெல்லி டான்ஸ் வகுப்பில் அவள் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் "யோகா கிளாஸ்" என்று சொல்லியிருந்தாள். பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மாதிரிப் பொய்யோடு நானே ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எகிப்து, ஷிம்மி, ஹிப் டிராப் பற்றியெல்லாம் உனக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. இந்த ஆட்டத்துக்கு ஐயாயிரம் வருஷம் வயது என்று எழுதியிருக்கிறாயே, அதையும் விட்டுவிடுகிறேன். நம் ஊரில் எதைத் தொட்டாலும் ஐயாயிரம் வருஷம்தான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது மூன்றாவது பத்தியில் இருக்கிற ஒரு வரி: சினிமா காபரேயில் காட்டிய ஆபாசத்துக்கும் இந்தக் கலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதையே வார்த்தை மாற்றி இன்னும் இரண்டு இடத்தில் சொல்கிறாய். போதாததற்குப் படத்துக்குக் கீழேயும் ஒரு தடவை. ஒரே கட்டுரையில் நாலு தடவை சத்தியம் செய்தால் யாரம்மா நம்புவார்கள்?

நீ சொல்கிற அந்த ஆபாசத்தின் பின்வரிசையில், இடப்பக்கமிருந்து நாலாவதாக நின்றவள் நான்.

1971-ல், 16 வயதில், கோடம்பாக்கத்துக்குக் குழு நடனத்துக்குப் போனேன். அப்போதெல்லாம் ராஜா கதையோ கடத்தல்காரன் கதையோ, எங்கேயாவது ஒரு 'அரேபியன் டான்ஸ்' வந்துவிடும். சாட்டின் பாவாடை, மணி கோத்த இடுப்புப் பட்டை, வயிற்றை மறைக்கத் தோல் நிறத்தில் ஒரு மெல்லிய துணி. படம் பார்க்கிறவனுக்கு அது வயிறு. எங்களுக்கு அது லைட் சூட்டில் உடம்போடு ஒட்டிக்கொண்டு அரிக்கிற நைலான். மாஸ்டர் ஒன் டூ த்ரீ ஃபோர் என்பார், நாங்கள் இடுப்பை வெட்டுவோம். எதற்கு வெட்டுகிறோம், அந்த அசைவு எந்த நாட்டில் யார் வீட்டில் பிறந்தது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கேட்கலாம் என்றும் தோன்றியதில்லை.

எதைப் பார்த்துக் காப்பியடித்தோம் என்பது 65 வயதில்தான் தெரிந்தது. பேரன் கைப்பேசியில் எகிப்து ஆட்டக்காரி சாமியா கமால் ஆடுவதைக் காட்டினான். கறுப்பு வெள்ளைப் படம். அந்த அம்மாள் கையை நீட்டுகிற விதத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதே கையை நாங்களும் வடபழனியில் நீட்டியிருக்கிறோம், யாருடைய கை என்று தெரியாமலே.

சம்பந்தம் இல்லை என்கிறாயே, சொல்கிறேன் கேள். எகிப்தில் கல்யாண வீட்டில் பெண்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பெரிய மேடைக்குத் தோதாக மாற்றியவர்களில் முக்கியமானவள் பதியா மசாப்னி. 1926-ல் கெய்ரோவில் அவள் திறந்தது கோயிலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ராத்திரி கேளிக்கை அரங்கம். தஹியா கரியோகாவும் சாமியா கமாலும் வளர்ந்தது அங்கேதான், பிறகு சினிமாவில். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த அலிபாபா படத்தில் சாமியா கமால் நடித்தார். இரண்டு வருஷம் கழித்து, 1956-ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதில் ஆட வந்தவர் வஹீதா ரெஹ்மான். பம்பாயில் ஆட்டக்காரி குக்கூ சினிமாவுக்குக் கைபிடித்துக் கூட்டிவந்த ஹெலன், போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து அசாமுக்கு நடந்தே வந்த குடும்பத்துப் பெண். அவரும் முதலில் பின்வரிசைதான். 1975-ல் 'ஷோலே'யில் அந்த நெருப்புக்குப் பக்கத்தில் ஆடினார், 2009-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நம் பக்கத்தில் ஜோதிலட்சுமி, ஜெயமாலினி அக்கா தங்கை. நோரா ஃபதேஹியின் 'தில்பர்' பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் பாதிப் பேர் வருகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அது சினிமா இல்லையா? அரங்கமும் ஸ்டூடியோவும் இந்த ஆட்டத்துக்குச் சோறு போட்டு வளர்த்திருக்காவிட்டால் அது உன் பாத்திரக்கடை மாடிவரை வந்து சேர்ந்திருக்காது. எங்களை ஆபாசம் என்று தள்ளிவிட்டுத்தான் உனக்கு மரியாதை கிடைக்கும் என்றால், அந்த மரியாதை எத்தனை நாளைக்கு வரும்?

போகட்டும், இது என் சொந்தக் கோபம். ஆனால் அந்த வரி என்னைச் சுட்டதோடு நிற்கவில்லை, உன் மாணவிகளின் முட்டியையும் பிடித்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் கட்டுரையோடு வந்த மூன்றாவது படத்தை எடுத்துப் பார். ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் சிரிப்பு இருக்கிறது, இடுப்பில் சலங்கை வைத்த துப்பட்டா இருக்கிறது, ஆறு பேர் முட்டியும் விறைத்துப்போய் நிற்கிறது.

ஏன் தெரியுமா? நம் வீடுகளில் பெண்குழந்தை வயதுக்கு வந்த மறுநாளிலிருந்து காதில் விழுவது ஒரே வசனம்: இடுப்பை ஆட்டாமல் நட. முப்பது வருஷம் அப்படி நடக்கிறாள். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி மெஷினிலோ ஐ.டி. பார்க் நாற்காலியிலோ ஒன்பது மணி நேரம் உட்காருகிறாள். இடுப்பு எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோன பிறகு உன் மாடிக்கு ஏறி வருகிறாள். வந்தவளிடம் நீ முதல் வேலையாக "இது ஆபாசம் இல்லை" என்கிறாய். அதுவரை அவள் அப்படி நினைத்திருக்கவே மாட்டாள். நீ சொன்னதும் நினைக்கிறாள், முட்டியைப் பூட்டுகிறாள். முட்டி பூட்டினால் இடுப்பு பூட்டும். அதற்குமேல் அவள் ஆட்டுவதெல்லாம் கீழ்முதுகில்தான் இறங்கும். ஷிம்மி என்பது இடுப்பைப் பிடித்து உலுக்குவதில்லை, இரண்டு முட்டியும் மாறி மாறி மடங்கி நிமிர்வது. இடுப்பு தானாக நடுங்கும். உனக்குத் தெரிந்ததுதான். உன் மாணவிகளுக்குத் தெரியவில்லை. தெரியவிடாமல் தடுப்பது, ஆபாசம் இல்லை என்று நீ கேட்கிற மன்னிப்பு.

அடுத்தது, தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாயே, 45 நாளில் தொப்பை கரையும் என்று. நீ எழுதினாயா, பத்திரிகைக்காரர் சேர்த்தாரா தெரியாது. நீ எழுதியிருந்தால் வெட்கப்படு. வயிற்றை ஆட்டினால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்றால், வாய் ஓயாமல் பேசுகிறவர்களுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்க வேண்டும். எந்த இடம் அசைகிறதோ அந்த இடத்துக் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கிற பழக்கம் உடம்புக்குக் கிடையாது. அது எங்கிருந்து எடுக்கும் என்பதை நீயும் நானும் தீர்மானிக்க முடியாது. என் பேரன் பிசியோதெரபி படிக்கிறான். அவன் காட்டிய பட்டியலில் பெல்லி டான்ஸ், சல்சா, ஹவாய்க்காரர்களின் ஹூலா எல்லாம் ஒரே வரியில் இருக்கின்றன: சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவைப்போல 4.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ள பெண் ஒரு மணி நேரம் நிற்காமல் ஆடினால் சுமார் 270 கலோரி. ஒரு தட்டு நெய்ப்பொங்கலும் வடையும் அதைச் சத்தமில்லாமல் முழுங்கிவிடும்.

சனிக்கிழமைதோறும் டேப் வைத்து இடுப்பை அளக்கிறாயாமே. நிறுத்து. 80 சென்டிமீட்டருக்கு மேலே போனால் கவனம் என்று டாக்டர்கள் நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்வது உண்மைதான். அதை டாக்டர் பார்க்கட்டும். உன் வகுப்பில் டேப் வந்தால் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டே ஆடுவார்கள். இழுத்த வயிறு மூச்சு வாங்காது, மூச்சு வாங்காத உடம்பு ஆடாது. இன்னொன்று: பிள்ளை பெற்ற பிறகு தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது என்று ஒருத்தியாவது உன் காதில் வந்து சொல்லியிருப்பாள். இதுவே மருந்து என்று அவளிடம் சொல்லிவிடாதே. முதலில் மருத்துவரிடம் அனுப்பு, அப்புறம் ஆடட்டும்.

வாரம் மூன்று நாள், நாளுக்கு 50 நிமிடம் என்று வைத்திருக்கிறாய் பார், அது சரி. 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன குறைந்தபட்சக் கணக்கு அப்படியே வருகிறது. தெரிந்து செய்தாயோ, மாடி வாடகைக்குத் தோதாகச் செய்தாயோ, நல்லது.

பாராட்டு ஒன்று பாக்கி இருக்கிறது. ஆவடி ஆர்டினன்ஸ் துணித் தொழிற்சாலையில் சிப்பாய்களுக்குச் சீருடை தைத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள் உன்னிடம் வருவதைப் பற்றி எழுதியிருக்கிறாய். பதினோராவது நாள் அவருக்கு விலா எலும்பு ஒரு பக்கம் நிற்க, இடுப்பு தனியாக நகர்ந்ததாம். நகர்ந்ததும் அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "இது என்னுதா?" என்று கேட்டாராம். அந்தப் பத்தியை நான் நாலு தடவை படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பைப் பற்றித் தமிழில் இப்படி ஒரு பத்தியை நான் படித்ததில்லை. கட்டுரை முழுக்க அந்த அம்மாளையே எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அவரை ஏன் எட்டு வரியில் முடித்தாய்?

இடுப்பு தனி, மேல் தனி. அதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. என் பேரப்பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சலித்த விஷயம், உனக்குப் புதிது. தலையில் ஒரு செம்பு வை. காலிச் செம்பு, எடையில்லாதது. கழுத்துவலி உள்ளவர்களுக்கு மட்டும் வேண்டாம். கண்ணாடி பொய் சொல்லும், செம்பு சொல்லாது. முட்டி பூட்டினால் அடுத்த நொடி கீழே விழுந்து சத்தம் போடும்.

ஆடி மாதம் திருவேற்காட்டுப் பக்கம் கரகம் எடுத்து வருகிறவர்களைப் பார்த்திருப்பாய். தலைக்குமேல் பூவேலை செய்த குடம் கல்போல நிற்கும், கீழே இடுப்பு சுழன்றுகொண்டிருக்கும். எகிப்துக் கல்யாணங்களில் ஆட்டக்காரி தலையில் மெழுகுவர்த்தி ஏற்றிய கொத்துவிளக்கை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் ஆடிப்போவாள். ஷமதான் என்று பேர். இது அதிலிருந்து வந்தது, அது இதிலிருந்து வந்தது என்று கிளம்பிவிடாதே, எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தலையில் பாரம் ஏறினால் உடம்பு எங்கேயும் ஒரே வழியில்தான் புத்தி கற்றுக்கொள்கிறது. பெல்லி என்று பேர் வைத்தது மேற்கத்தியர்கள், முதலில் பிரெஞ்சுக்காரர்கள். அரபியில் அது ரக்ஸ் ஷர்கி, கீழை ஆட்டம், அவ்வளவுதான். வயிறு என்ற பேச்சே அதில் இல்லை. நம் பத்திரிகைகள் 'தொப்புள் நடனம்' ஆக்கிவிட்டன. வயிறு இந்த ஆட்டத்தில் பார்க்கிற இடம். வேலை செய்கிற இடம் முட்டியும் பாதமும்.

பாட்டைப் பற்றியும் ஒன்று. உன் வகுப்பில் ஓடுகிற, ஜிம்மில் போடுகிற மாதிரியான டம் டம் டம் டம்மை மருமகள் எனக்குப் போட்டுக் காட்டினாள். ஒரே மட்டமாகத் தட்டுகிற தாளத்தில் இடுப்புக்கு எங்கே இறங்குவது என்று தெரியாது. எகிப்துக்காரர்களின் மக்ஸூம் தாளத்தைக் கையால் தட்டிக் காட்டு: தும் தெக், ஒரு இடைவெளி, தெக் தும், ஒரு இடைவெளி, தெக், இடைவெளி. எட்டு எண்ணிக்கை. தும் வரும்போது இடுப்பு கனக்க வேண்டும். அதை வாசிக்கிற கொட்டுக்கு அங்கே தபலா என்றே பேர். அது கிடைக்காவிட்டால் பறை போடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. தும் எது, தெக் எது என்று காது பிரித்துவிட்டால் கால் பார்த்துக்கொள்ளும்.

பொய்யைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1979-ல் கல்யாணம். அவர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். அவருக்கு எல்லாம் தெரியும், தெருவுக்குத் தெரியாது. காலையில் அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி, கோடம்பாக்கம். தெருவில் கேட்டால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோலும் இஞ்ச் டேப்பும் வைத்திருப்பேன், சாட்சிக்கு. சாயங்காலம் ஸ்டூடியோக் குழாயடியில் தேங்காயெண்ணெய் போட்டு மேக்கப்பைத் துடைப்பேன். காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் பூச்சு தங்கிவிடும். பக்கத்து வீட்டம்மாள் ஒருநாள் அதைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தன் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. 1988-ல் விட்டுவிட்டேன். மருமகளுக்கு இன்றுவரை நான் எக்ஸ்போர்ட் கம்பெனிதான். இந்தக் கடிதம் அச்சில் வந்தால் அவளும் படிப்பாள். படிக்கட்டும், இனி அவளும் யோகா என்று சொல்லவேண்டாம்.

வியாழக்கிழமை சாயங்கால வகுப்புக்கு அவளோடு வருகிறேன். மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் சொல்லி அனுப்பு. தரை வழவழப்பான டைல்ஸ் என்று படத்தில் தெரிகிறது, ரப்பர் பாய் விரித்து வை. கீழே பாத்திரக்கடையில் சன்னமான செம்பாகப் பன்னிரண்டு கேள். டஜனாக வாங்கினால் விலை குறைப்பார்கள். அடிபட்டு நசுங்கியது இருந்தாலும் பரவாயில்லை, எப்படியும் விழுந்து நசுங்கப்போவதுதான்.