காலக் கணக்கும் மனக் கணக்கும்



அசோகச் சக்கரவர்த்தியையும் முதலாம் இராசராச சோழனையும் 'பழங்கால மன்னர்கள்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இராசராசன் காலம் அசோகருக்கு அண்மையதா, நமக்கு அண்மையதா? சட்டென்று கேட்டால், அசோகருக்கு என்றே சொல்லத் தோன்றும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். அசோகர் மறைந்தது ஏறத்தாழ கி.மு. 232இல். தஞ்சைப் பெரிய கோயில் நிறைவுற்றது கி.பி. 1010இல். இடைவெளி சுமார் 1240 ஆண்டுகள். பெரிய கோயிலுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியோ ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். ஆக, இராசராசன் நமக்கே அண்மையர்! தூரத்து மலைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதாகத் தோன்றுவது போல, தொலைவான நூற்றாண்டுகளை மனம் நெருக்கிவிடுகிறது.

சொந்த நினைவிலும் இதே மயக்கம் உண்டு. பழைய நிகழ்ச்சி அண்மையில் நடந்ததாகத் தோன்றுவதை உளவியலார் 'தொலைநோக்கி விளைவு' என்பர். அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18இல் வெடித்தது. "கடந்த ஆறு மாதங்களில்" நடந்தவற்றைக் கேட்டபோது, மக்கள் அதற்கு முந்தியவற்றையும் சேர்த்துச் சொன்னார்கள். "எரிமலை வெடித்த பிறகு" என்று கேட்டபோது அப்பிழை குறைந்தது. எலிசபெத் லோஃப்டசும் உடன் ஆய்வாளரும் 1983இல் இதனை வெளியிட்டனர். அடையாள நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு ஊன்றுகோலாகிறது.

இது நம் கோயில்களுக்கும் பொருந்தும். பழைய திருப்பணி பற்றி முதியோரிடம் "எந்த ஆண்டு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "1957 மெர்டேக்காவுக்கு முன்பா, பின்பா? சிங்கப்பூர் 1965இல் பிரிந்துவிட்டதா? மூத்த பிள்ளை அப்போது பள்ளி சென்றதா?" என்று கேளுங்கள். பிறகு அழைப்பிதழ், நன்கொடைச் சீட்டு, கல்வெட்டு ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். ஆண்டு உறுதிப்படாவிட்டால், இன்னதற்குப் பின், இன்னதற்கு முன் என்று எழுதினாலே போதும்.

பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க இராசராசன் செப்புக் குடம் அளித்தது அவரது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள். நாளையும் சேர்த்துக் கல்லில் பொறித்ததால்தான் இன்று நாம் அதனை அறிகிறோம். அந்தக் கொடையை மன்னர் நினைவுக்கு மட்டும் விட்டுவிடவில்லை.

நம் முன்னோர் தோட்டக் கூலியிலும் துறைமுகக் கூலியிலும் மிச்சம் பிடித்துக் கொடுத்த கொடைக்கும் அந்த மதிப்பு உண்டு. வீட்டிலுள்ள குடமுழுக்குப் படங்களின் பின்புறம் நாளையும் பெயர்களையும் இன்றே எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் நம் கடமை.