மீசை முளைத்த தாய்

கற்றல் நோக்கம்: குழந்தை வளர்ப்பில் உள்ள இனிமையையும் அருமையையும் அறிதல், உரைநடைப் பகுதியைப் படித்துப் பொருள் உணர்தல்.

திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. அதனை அடுத்து எட்டாம் அதிகாரமாக அன்புடைமை அமைந்துள்ளது. மக்களைப் பெற்றால் மட்டும் போதாது. அவர்களை அன்பின் வழியில் வளர்க்கவும் வேண்டும் என்பதை இவ்வைப்புமுறை நினைவூட்டுகிறது. அவ்வாறு வளர்ப்பது எப்படி என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பெரியவர் ஒருவர் குஜராத்தில் வாழ்ந்தார். அவரே கிஜுபாய் பதேகா.

வழக்கறிஞர் ஆசிரியரானார்

கிஜுபாய் 1885-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சௌராட்டிரப் பகுதியில் பிறந்தார். இளமையில் வேலை தேடிக் கிழக்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்றார். பின்னர்த் தாயகம் திரும்பிச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

1913-ஆம் ஆண்டு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவனை எவ்வாறு வளர்ப்பது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அக்காலப் பள்ளிகள் பலவற்றில் பிரம்பும் மனப்பாடமுமே ஆட்சி செய்தன. அத்தகைய பள்ளிக்கு மகனை அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. எனவே, குழந்தை வளர்ப்பைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தார். இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரியின் நூல்கள் அவருக்கு வழிகாட்டின. 1907-ஆம் ஆண்டு உரோம் நகரில் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கியவர் மாண்டிசோரி.

1916-ஆம் ஆண்டு கிஜுபாய் பாவ்நகரிலுள்ள தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920-ஆம் ஆண்டு அங்கே 'பால மந்திர்' என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அங்கே கதையும் பாடலும் நாடகமும் விளையாட்டும் பாடங்களாயின. அடிக்கு அங்கே இடமில்லை. குழந்தைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்ட மக்கள் அவரை 'மூச்சாளி மா' என்று அழைத்தனர். அக்குஜராத்திச் சொற்களுக்கு 'மீசை முளைத்த தாய்' என்பது பொருள்.

ஒரு பகற்கனவு

கிஜுபாய் எழுதிய நூல்களுள் புகழ்பெற்றது 'திவாஸ்வப்னம்'. அதன் பொருள் பகற்கனவு என்பதாகும். இலட்சுமிராம் என்னும் கற்பனை ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டு புதிய முறையில் கற்பிப்பதே அதன் கதை. முதல் நாள் அவர் மாணவர்களை அமைதியாக அமர்ந்திருக்கும் விளையாட்டில் ஈடுபடுத்த முயன்றார். மாணவர்களோ கூச்சலிட்டனர். அவர் திட்டம் தோற்றது. ஆயினும் அவர் பிரம்பைத் தேடவில்லை. மறுநாள் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினார். முதல் நாள் அடங்காதிருந்த அதே மாணவர்கள் வாய்மூடிக் கேட்டனர். குழந்தையை மாற்ற முயல்வதற்குமுன் தம் முறையை மாற்றிப் பார்ப்பது பெரியோர் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பெற்றோராவது எளிதன்று

கிஜுபாய் பெற்றோருக்காகவும் நூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றன் பெயரே 'பெற்றோராவது கடினம்' என்னும் பொருள் தருவதாகும். பிறந்த குழந்தையின் சிரிப்பும் மழலைப் பேச்சும் இன்பம் தருவன. ஆனால், குழந்தை பிடிவாதம் பிடிக்கும்போதும் பொய் சொல்லும்போதும் தம்பியை அடிக்கும்போதும் பெற்றோரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. அந்நேரத்தில் ஓர் அடி கொடுத்தால் குழந்தை உடனே அடங்கிவிடும். ஆயினும், வலிமை மிக்கவர் எளியவரை அடிக்கலாம் என்னும் தவறான பாடத்தையும் அது கற்றுக்கொள்கிறது. 'அழாமல் இருந்தால் மிட்டாய் தருவேன்' என்னும் ஆசை காட்டலும் நன்மை தராது. அச்சத்தையும் ஆசையையும் காட்டிக் குழந்தைகளை நடத்துவதைக் கிஜுபாய் ஏற்கவில்லை.

அவ்வாறாயின் குழந்தையின் தவற்றைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாமா? கூடாது. சினம் வருவது இயல்பு. சினத்தால் பிறரைத் துன்புறுத்துவது தவறு. இவ்வேறுபாட்டைக் குழந்தைக்கு எடுத்துரைக்க வேண்டும். "உனக்குக் கோபம் வந்திருக்கிறது, என்ன நடந்தது என்று சொல். ஆனால், தம்பியை அடிக்கக்கூடாது" என்று கூறும் தாய், குழந்தையின் உணர்வை மதிக்கிறார், அதன் செயலையும் திருத்துகிறார். தன் சொல்லைப் பிறர் கேட்கும் இன்பத்தை அறிந்த குழந்தையே பிறர் சொல்லையும் பொறுமையுடன் கேட்கப் பழகுகிறது.

ஊர் மாறும் குழந்தைகள்

பெற்றோரின் பணியின் காரணமாகப் பல குழந்தைகள் ஊர்விட்டு ஊர் செல்கின்றனர். பழகிய நண்பர்களும் தாத்தா பாட்டியும் தொலைவில் இருக்கின்றனர். வீட்டில் தமிழும் வெளியே வேறு மொழியும் ஒலிக்கின்றன. புதிய வகுப்பில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால் சிலர் நகைக்கின்றனர். அன்று மாலை அக்குழந்தை காரணமின்றிச் சினம் கொள்ளலாம், உண்ண மறுக்கலாம். பெற்றோர் அதனை அடம் என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது சொல்லத் தெரியாத ஏக்கம். வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர்க்கு இதனை உணர்வது அரிதே. ஆயினும், இரவு உணவின்போது கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிறிது நேரம் குழந்தையின் பேச்சுக்குச் செவி கொடுத்தால் அவ்வேக்கம் தணியும்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மனத்துயரை உள்ளே புதைத்து வைக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுதல் வேண்டும். தாம் பட்ட துன்பத்தை நினைத்து, அடுத்து வரும் புதிய மாணவரை அன்புடன் வரவேற்றல் வேண்டும்.

கனவு சட்டமானது

கிஜுபாய் 1939-ஆம் ஆண்டு சூன் மாதம் மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில் மாண்டிசோரி இந்தியாவிற்கு வந்து, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கிஜுபாய் மறைந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்தது. பள்ளியில் பிரம்பைச் சட்டம் விலக்கலாம். குழந்தையின் சொல்லைக் கேட்கும் பொறுமையை ஒவ்வொரு வீடும் தானே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

அருமை – கடினம்
ஒப்புதல் – உடன்படுதல்
பரிவு – இரக்கம் கலந்த அன்பு
ஏக்கம் – கிடைக்காததை எண்ணி வருந்துதல்
தணியும் – குறையும்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மக்கட்பேற்றை அடுத்து வரும் அதிகாரம் ________.
2. கிஜுபாய் பால மந்திரைத் தொடங்கிய ஆண்டு ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. பகற்கனவு 2. மக்கட்பேறு 3. அவ்வேக்கம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கிஜுபாய் குழந்தை வளர்ப்பு நூல்களைத் தேடிப் படித்தது ஏன்?
2. அடி வாங்கும் குழந்தை எந்தத் தவறான பாடத்தைக் கற்றுக்கொள்கிறது?

ஈ. சிந்தித்து எழுதுக.
வேறு மாநிலத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் உம் வகுப்பில் சேர்ந்துள்ளான். அவன் பேச்சைக் கேட்டுச் சிலர் நகைக்கின்றனர். நீவிர் என்ன செய்வீர்?

உ. செயல்பாடு
உம் பெற்றோரிடம், "என்னை வளர்த்ததில் மகிழ்ச்சி தந்தது எது? கடினமாக இருந்தது எது?" என்று கேட்டு, அவர்கள் கூறுவதைப் பத்து வரிகளில் தமிழில் எழுதி வருக.