பிக்கப் வண்டியின் ஆயில் கசிவு: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டியில் ஆயில் சொட்டும் இடமும் அது கசியத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறாகவே இருக்கும். இன்ஜினின் மேற்பகுதியிலோ முன்பகுதியிலோ வெளியேறும் ஆயில், தானே கீழிறங்கியும் ஓட்டத்தில் எழும் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டும், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடமான பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பில் திரண்டு சொட்டுகிறது. ஆகவே, ஈரம் தென்படும் இடங்களுள் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பதிலிருந்தே தேடலைத் தொடங்க வேண்டும்.

இந்த எளிய விதியைப் புறக்கணித்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு, ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றும் ஒரு டீசல் பிக்கப்புக்கு நேர்ந்ததே சான்று. பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டைக் கண்ட பட்டறையினர், கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமாகிய ஆயில் சீல் போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் கூறி, கியர்பாக்ஸை இறக்கி, சீலை மாற்றி, இறக்கியதோடு சேர்த்து கிளட்ச் பிளேட்டையும் மாற்றினர். வேலை நடந்த நாட்களின் லோடுகளெல்லாம் வேறு வண்டிகளுக்குப் போயின. பட்டறையை விட்டு வந்த வண்டியோ முதல் மலையேற்றத்திலேயே மீண்டும் சொட்டியது.

உண்மையான காரணம் இன்ஜினின் பக்கவாட்டில் இருந்தது. திருகிப் பொருத்தப்படும் உருளை வடிவ ஆயில் ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. முன்பு பழைய ஃபில்டரைக் கழற்றியபோது, வெப்பத்தில் இறுகிப்போன அவ்வளையம் இன்ஜினின் முகப்பிலேயே ஒட்டிக்கொள்ள, அதைக் கவனியாமல் புதிய ஃபில்டர் அதன்மேல் ஏற்றப்பட்டிருந்தது. இவ்வாறு சிக்கிய பழைய வளையத்தைப் பிடித்து நிறுத்தப் பள்ளம் ஏதும் இல்லாமையால், இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அழுத்தம் குறைவாக இருப்பதால் அவ்விடம் உலர்ந்தே காணப்பட்டு, வேகம் கூடி அழுத்தம் 3, 4 பார் அளவுக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ மூன்று நான்கு மடங்குக்கு, உயரும்போது மட்டும் கசிகிறது. வளையம் முற்றிலும் பிதுங்கிவிட்டால், அடித்தொட்டியாகிய சம்ப்பில் உள்ள ஆயில் சில நிமிடங்களில் வெளியேறி, பேரிங்குகள் தேய்ந்து, இன்ஜினே பாழாகிவிடும். பழைய வண்டி என்றால் சீல் போகத்தான் செய்யும் என்ற பட்டறையின் வாதம் ஏற்கத்தக்கதன்று. கைவிளக்கை ஃபில்டரின் விளிம்பில் காட்டியிருந்தால், தகரத்துக்கும் முகப்புக்கும் இடையே இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிந்திருக்கும்.

கசிவைத் தேடுபவர், இன்ஜின் ஆறிய பின், ஆல்டர்னேட்டரையும் வயர் இணைப்புகளையும் பாலித்தீன் தாளால் மூடி, வாட்டர் சர்வீஸ் செய்து, பனியன் வேஸ்டால் துடைத்து உலரவிட்டு, சந்தேகத்திற்குரிய இணைப்புகளில் பவுடரைத் தூவி, வண்டியை நிறுத்தியபடியே இன்ஜின் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டால், பவுடர் முதலில் நனையும் இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பாக இருப்பது இன்ஜின் ஆயில். கெட்டியாகவும் கந்தக நெடியுடனும் இருப்பது கியர் ஆயில். ஒரே நேரத்தில் பல இடங்கள் கசிந்தால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளிவிடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு கேஸ்கெட்டைக்கூட வாங்கலாகாது. உள்ளழுத்தம் தணியாதவரை புதிய சீலும் கசியும்.

ஃபில்டர் மாற்றும் வேலை சிறியது: முகப்பைத் துடைத்து, புதிய வளையத்தில் விரலால் ஆயில் தடவி, வளையம் தொட்ட பின் கையால் ஏறத்தாழ முக்கால் சுற்று இறுக்கி, ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டால் போதும். ஸ்பானரால் முறுக்கி இறுக்குவதே அடுத்த முறை வளையம் ஒட்டிக்கொள்ள வழிசெய்கிறது. டீசல் இன்ஜினில் புது ஆயில் விரைவில் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஃபில்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றும் சிக்கனத்துக்குத்தான் அஞ்ச வேண்டும், ஏனெனில் அடைத்துப்போன ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொண்டு, வடிகட்டப்படாத ஆயிலையே பேரிங்குகளுக்கு அனுப்புகிறது.

சொந்த வண்டியை வைத்துப் பிழைப்பவர், ஃபில்டர் மாற்றும்போது பக்கத்திலேயே நின்று, கழற்றிய பழைய ஃபில்டரைக் கையில் வாங்கி, அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று பார்த்த பின்பே புதியதை ஏற்ற விட வேண்டும். அதைக் காட்ட மறுக்கும் பட்டறையில் வண்டியை விடவே கூடாது.