சின்னக் குழந்தைக்கு எல்லாம் தெரியும்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வாரமே, ஐந்து வயதுப் பிள்ளையைத் திருப்பூரிலிருந்து தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏற்றி, அம்மாச்சி வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ‘அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கு சாமி’ என்று ஒரு பொய். ஏன் இப்படி என்று கேட்டால், பனியன் கம்பெனி செக்கிங் மேஜையிலும் கோவை ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஒரே பதில்தான்: ‘சின்னக் கொழந்தைக்கு என்னங்க தெரியும்? சொன்னா பயந்துக்கும்.’

நோயாளியின் பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் செய்யும் பேச்சு வேறில்லை.

இப்படிச் சொல்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். வேலம்பாளையத்திலோ அனுப்பர்பாளையத்திலோ ஒரு லைன் வீட்டில் இருப்பது ஒரே அறை. பாய் விரிக்கிற இடத்தில்தான் சமையல், படிப்பு, சண்டை, போன் பேச்சு எல்லாம். ‘கீமோ’, ‘ஸ்டேஜ்’, ‘எத்தனை லட்சம்’ என்று அப்பா இரவில் கிசுகிசுப்பதை, கண்ணை மூடிப் படுத்திருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மிச்சத்தைக் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிவிடுகிறான். அந்த வீட்டில் யாரிடமிருந்து எதை மறைக்கிறார்கள்?

அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் ரத்தப் புற்றுநோய் வந்த சிறு குழந்தைகளோடு ஆஸ்பத்திரியில் பழகி, 1978-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் குழந்தைகளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் தங்களுக்கு என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோர் மனம் நோகக் கூடாதென்று தெரியாததுபோல் நடித்தார்கள். நடிக்கும் சுமையைப் பெரியவர்களே பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும். நான்கைந்து வயதில், தான் நினைத்ததாலும் செய்ததாலும்தான் உலகில் எல்லாம் நடக்கிறது என்று பிள்ளைகள் நம்புவார்கள். உளவியலாளர் பியாஜே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ‘அன்னைக்குச் சாப்பிடாம அடம்பிடிச்சேன், அதான் அம்மாவுக்கு இப்படி’ என்று முடிவு கட்டிக்கொண்ட பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. ராத்திரி பாயை நனைக்கும், பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்னும். இந்த லட்சணத்தில், ‘இது பொறந்த நேரந்தான் சரியில்லை’ என்று பிள்ளையின் காதுபடப் பேசும் சொந்தக்காரர்களை அந்த வீட்டு வாசற்படி ஏறவே விடக் கூடாது.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆலன் ஸ்டைன் குழுவினர் 2019-இல் ‘லான்செட்’ இதழில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெற்றோரின் நோயைப் பற்றி வயதுக்குத் தக்கபடி பேசுவது குழந்தைக்கும் குடும்பத்துக்கும் நல்லது என்பதே அவர்கள் வந்து சேர்ந்த முடிவு.

சொல்வது பெரிய வித்தையும் இல்லை. ‘அம்மாவுக்குப் புற்றுநோய்னு ஒரு நோய் கண்ணு. அது உன்னால வரல. உனக்கு ஒட்டிக்காது. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு உன்னை அத்தை பாத்துக்கும்.’ ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும். மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில் பல மருந்துகளுக்கு முடி கொட்டும். தலையணையில் கற்றையாகக் கிடப்பதைப் பார்த்துப் பிள்ளை அலறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ‘செத்துப் போயிருவியாம்மா?’ என்று கேட்டால், ‘நல்லாகத்தான் டாக்டர் மருந்து தர்றாங்க. எது நடந்தாலும் உன்கிட்ட சொல்லுவேன்’ என்பதே நேர்மையான பதில். அம்மா இறந்துவிட்டால் ‘தூங்கிட்டாங்க’, ‘ஊருக்குப் போயிட்டாங்க’ என்பது வேண்டவே வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சாவைத் தூக்கமாகவும் பயணமாகவுமே எண்ணுகிறார்கள் என்று உளவியலாளர் மரியா நாகி 1948-லேயே எழுதிவிட்டார். ‘தூங்கிட்டாங்க’ என்று கேட்ட பிள்ளை தூங்கவே பயப்படும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

‘தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.’ ஒட்டாது. தனி டம்ளர், தனித் தட்டு வேண்டாம். பிள்ளையின் சளி, காய்ச்சல்தான் கீமோ எடுக்கும் அம்மாவுக்கு ஆபத்து. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கட்டிக்கொள்ளட்டும்.

‘கரண்ட் வைத்த உடம்பிலிருந்து கதிர் வீசும்.’ வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்கள் டாக்டர் சொல்லும் நாட்கள் வரை தள்ளியிருக்க வேண்டும்.

‘பிள்ளைக்கும் கட்டாயம் வரும்.’ பரம்பரையாக வருபவை நூற்றில் ஐந்திலிருந்து பத்து மட்டுமே.

‘விளையாடிக்கிட்டுத்தான இருக்கு.’ குழந்தை அழுதுகொண்டே விளையாடும், விளையாடிக்கொண்டே அழும். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால், 14416 என்ற இலவச டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

அருகில் இருந்து பிள்ளையிடம் பேச அப்பாவுக்கு நேரம் வேண்டுமே? ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு இரவில் வருகிறவர் என்ன பேசுவார்? இங்கேதான் தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ வருகிறது. இரண்டு வருடம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, உரிய நாட்கள் சந்தா கட்டியிருக்கும் தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். அம்மாவின் சம்பளம் நிற்காவிட்டால் அப்பா அரை ஷிப்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். பீஸ் ரேட்காரர்களின் பெயரைக் கணக்கிலேயே காட்டாத கம்பெனிகள் அந்த மாலை நேரத்தைத்தான் பிள்ளையிடமிருந்து பறிக்கின்றன. சம்பளச் சீட்டில் 0.75 சதவீத ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று டெய்லரும் செக்கிங் பெண்ணும் உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மேனேஜரிடம் கேட்க வேண்டும். மழுப்பினால் ஈஎஸ்ஐ அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.